பைல் இருக்கிது தானே மிஸ்?

நான் இலங்கையில் களுவாஞ்சிகுடி. பல்கலைக்கழகம் ஒன்றில் கணினிப் போதனாசிரியராக இருக்கிறேன். எல்லாரும் எல்.எம்.எஸ். என்று சொல்லும் கற்றல் தளத்தை அங்கே பார்த்துக்கொள்வது மூன்று பேர். அதில் நானும் ஒருத்தி. அந்தத் தளத்தை மாணவருக்கு ஏற்றதாக மாற்றி அமைக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் போல பிடித்தது. இடத்தின் பெயர் வேண்டாம். மூடில் மென்பொருளை வைத்து நடத்தும் எந்த இடத்திலும் இந்தச் சிக்கல்கள் வரலாம். இதே வேலையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

தொடங்கியது ஒரு பூச்சியத்தில் இருந்து.

படுவான்கரையில் இருந்து வரும் இரண்டாம் வருட மாணவி ஒருத்தி எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். ஒப்படைக்கு, அதாவது அசைன்மென்டுக்கு, புள்ளி பூச்சியம். விரிவுரையாளரிடம் கேட்டால் "நீங்கள் சமர்ப்பிக்கவில்லை" என்கிறார். அவளோ சமர்ப்பித்தேன் என்கிறாள். "அனுப்பிட்டன் மிஸ். இஞ்ச பாருங்க, பைல் இருக்கிது தானே?" என்று போனை நீட்டினாள். உண்மைதான். அவளுடைய பிடிஎஃப் அதன் பெயரோடு அந்தப் பக்கத்தில் இருந்தது. பதிவேற்றிய நேரமும் இருந்தது, கடைசித் திகதிக்கு இரண்டு நாள் முன்பு. ஆனால் மேலே சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில், இது வரைபு, இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை என்று ஒரு வரி. சமர்ப்பிக்கும் பொத்தான் அந்தப் பக்கத்தின் அடியில் இருந்தது. நிலை, புள்ளியிட்ட நிலை, கடைசித் திகதி, மிச்ச நேரம், கடைசியாக மாற்றிய நேரம், பைல், கருத்துகள் என்று ஒரு நீள அட்டவணை முடிந்த பிறகுதான் அது வரும். கணினித் திரையில் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். போனில் இரண்டு தரம் விரலால் தள்ள வேண்டும். தன் பைலின் பெயரைக் கண்ட பிறகு யார் மேலும் தள்ளிப் பார்ப்பார்கள்?

மூடிலில் ஒப்படை உருவாக்கும்போது, மாணவர் கடைசியாக ஒரு பொத்தானை அழுத்தியே ஆக வேண்டுமா என்று கேட்கும் அமைப்பு ஒன்று உண்டு. இயல்பில் அது 'இல்லை' என்றே இருக்கும். எங்கள் தளத்தில் எப்போதோ ஒருவர் அதை 'ஆம்' ஆக்கி ஒரு மாதிரிப் பாடத்தைச் செய்து வைத்திருந்தார். வருடக்கணக்காக எல்லாரும் அதையே நகல் எடுத்து வந்திருக்கிறார்கள். அன்று பின்னேரம் அந்த அரையாண்டின் ஒப்படைகளைத் திறந்து பார்த்தேன். வரைபாகவே கிடந்தவை அவளுடையது மட்டுமல்ல. கேட்க வராமல் பூச்சியத்தை ஏற்றுக்கொண்டு போனவர்களை நினைத்தபோது மனம் கனத்துவிட்டது. அந்த அமைப்பைப் பார்க்க வேண்டியது என் வேலை. நான் பார்க்கவில்லை.

அவளுடைய புள்ளி சரி செய்யப்பட்டது. ஆனால் அதோடு விட மனம் வரவில்லை.

அதுவரை எங்களிடம் இருந்த திட்டம் வேறு. முகப்பை அழகாக்குவது, புதுத் தோற்றம் போடுவது, கட்டடங்களின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் பட்டையைப் பெரிதாக்குவது. கூட்டங்களில் நிறத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். மாணவரிடம் கருத்து கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, கூகுள் படிவம் ஒன்று அனுப்பினோம். அநேகமாக எல்லாரும் 'நல்லம்' என்று போட்டார்கள். நம் பிள்ளைகள் ஆசிரியர் கேட்டால் நல்லம் என்றுதான் சொல்வார்கள். அது மரியாதை. அதை வைத்து ஒரு தளத்தைத் திருத்த முடியாது.

எனவே பக்கத்தில் இருந்து பார்ப்பது என்று முடிவெடுத்தோம். பயன்பாட்டுத்தன்மை பற்றி நிறைய எழுதிய யாக்கோப் நீல்சன், ஐந்து பேரோடு சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். அந்த ஐந்தை நம்பிக் கன்டீனுக்குப் பின்னால் மரத்தடி வாங்கில் இருந்தோம். வாகரை, கொக்கட்டிச்சோலை, சம்மாந்துறை, திருக்கோவில் பக்கங்களில் இருந்து நான்கு பேர், அம்பாறையில் இருந்து சிங்களம் பேசும் மாணவர் ஒருவர். ஆய்வுகூடக் கணினி வேண்டாம், அவரவர் போனைக் கொண்டு வாருங்கள் என்று சொன்னோம். ஒருவருடைய திரையில் குறுக்கே கீறல் விழுந்திருந்தது. இன்னொருவருடைய போனில் இடம் இல்லாமல் ஒன்றை அழித்தால்தான் ஒன்றை இறக்கலாம். இதுவெல்லாம் ஆய்வுகூடத்தில் தெரியாது.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் மாணவர் தடுமாறியதும் நான் வாய் திறந்து "தம்பி, மேலே மூன்று கோடு இருக்குது பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அதோடு அந்தச் சோதனை வீண். அடுத்தவரிடம் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு "எனக்குத்தான் விளங்கல்ல மிஸ், சொறி" என்றார். தளம் சரியில்லாததற்கு ஒரு பிள்ளை மன்னிப்புக் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அதன் பிறகு ஒவ்வொருவரிடமும் முதலில் இதைச் சொன்னோம்: "உங்களைச் சோதிக்கவில்லை. எங்கள் தளத்தைச் சோதிக்கிறோம். நீங்கள் எங்கே நின்றுவிடுகிறீர்களோ அங்கே எங்களுக்கு வேலை இருக்குது." அப்படிச் சொன்ன பிறகுதான் அவர்கள் நினைப்பதை வாய்விட்டுச் சொன்னார்கள்.

அங்கே கண்டவற்றில் பாதிக்கு மேல் ஒரு சதமும் செலவில்லாமல் திருத்தக் கூடியவை.

உள்ளே நுழைந்ததும் மாணவருக்கு முதலாம் வருடத்தில் இருந்து படித்த பாடம் எல்லாம் ஒரே குவியலாக வந்தது. இந்த அரையாண்டுப் பாடத்தைத் தேடியே பிடிக்க வேண்டும். காரணம் சின்னது. மூடில் பாடங்களை 'நடப்பவை', 'முடிந்தவை' என்று தானே பிரித்துத் தரும், ஆனால் பாடத்துக்கு முடிவுத் திகதி போட்டிருந்தால்தான். எங்கள் பழைய பாடங்கள் பலவற்றுக்கு முடிவுத் திகதியே இல்லை, ஆகவே எல்லாம் நடந்துகொண்டே இருந்தன. இரண்டு நாள் இருந்து திகதிகளைப் போட்டோம். 'செய்ய வேண்டியவை' என்று கடைசித் திகதிகளை வரிசையாகக் காட்டும் பெட்டியும் அப்படித்தான். விரிவுரையாளர் திகதியை அதற்குரிய கட்டத்தில் போடாமல் விளக்கத்தில் எழுத்தாக எழுதிவிட்டால், அந்தப் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது.

பாடங்களின் பெயர் அடுத்தது. போன் திரையில் பெயரின் முற்பகுதிதான் தெரியும். முற்பகுதியில் இருந்தது பாடக் குறியீடு, அதன் பின் பீடம், அதன் பின் வருடம். பாடத்தின் பெயர் மூன்று புள்ளிக்குள் மறைந்துவிட்டது. பெயரை முன்னுக்கும் குறியீட்டைப் பின்னுக்கும் மாற்றினோம். அவ்வளவுதான்.

பிறகு துண்டுக் கடதாசிகளில் பாடக் குறிப்பு, பயிற்சி, ஒப்படை, கடந்தகால வினாத்தாள், அறிவித்தல் என்று எழுதிக் கொடுத்து, உங்களுக்கு வசதியான மாதிரி அடுக்குங்கள் என்றோம். விரிவுரையாளர்கள் வகைப்படி அடுக்கினார்கள்: குறிப்பெல்லாம் ஒரு பக்கம், பயிற்சியெல்லாம் ஒரு பக்கம். மாணவர்கள் கிழமைப்படி அடுக்கினார்கள். இந்தக் கிழமைக்குரிய குறிப்பு, அதற்குரிய பயிற்சி, அதற்குரிய ஒப்படை. மூடிலில் வாராந்த அமைப்பு ஏற்கெனவே உண்டு. மாதிரிப் பாடத்தை அதற்கு மாற்றிப் புதிதாகச் செய்தோம், பொத்தான் விவகாரத்தையும் அதிலேயே சரி செய்தோம். முதலில் மறுத்த மூத்த விரிவுரையாளர் ஒருவரிடம் மாணவர் அடுக்கிய துண்டுகளின் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றார். வாதாடியிருந்தால் ஒரு மாதம் போயிருக்கும்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். இது எனக்கு மிகவும் முக்கியம்.

மூடிலுக்குத் தமிழ் மொழிப் பொதி உண்டு. போட்டோம். பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக வந்தது, வந்த தமிழும் சில இடங்களில் மாணவருக்கு உதவவில்லை. 'வரைபு' என்ற சொல்லையே எடுங்கள். நம் பிள்ளைகளுக்கு வரைபு என்றால் கணித பாடத்தில் கீறும் கிராஃப். "கிராஃப் ஒண்டும் கேக்கல்லையே மிஸ்" என்றான் ஒருவன். 'ஒப்படை' இன்னொரு சிக்கல். நம் நாட்டில் அது பெயர்ச்சொல். ஆனால் பொத்தானில் 'ஒப்படை' என்று எழுதினால் அது ஏவல் வினையுமாகிவிடும். பொத்தானா, தலைப்பா என்று தெரியாமல் நின்றார்கள். கடைசியில் மாணவர்களிடமே கேட்டு, 'சேமி' என்ற இடத்தில் 'பிறகு அனுப்ப வைத்திரு' என்றும், 'சமர்ப்பி' என்ற இடத்தில் 'இப்போதே அனுப்பு' என்றும் போட்டோம். வரைபு என்ற வரி 'இன்னும் அனுப்பவில்லை' ஆனது. இலக்கணப்படி அழகான சொல் அல்ல என்று ஒருவர் குறை சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைப் படித்து ஒருவரும் தடுமாறவில்லை.

இதற்கு நிரலில் கை வைக்கத் தேவையில்லை. நிர்வாகப் பகுதியில் மொழியைத் தனிப்பயனாக்கும் இடம் இருக்கிறது. அங்கே மாற்றினால் பதிப்பு மாறும்போதும் நம் சொற்கள் அழியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடியும் சொல் தமிழில் இரண்டு மடங்கு இடம் பிடிக்கலாம். அகலம் நிலையாக வைத்த பொத்தானில் தமிழ் பாதியில் வெட்டுப்படும். வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மேல் வரியின் உகரக் கீறல் கீழ் வரியின் இகர விசிறியில் போய் முட்டும். சிங்களமும் ஆங்கிலமும் அதே பக்கத்தில் மாற்றிக்கொள்ளும்படி மேலேயே வைத்தோம்.

எழுத்துரு தனிக் கதை. எங்கள் பழைய குறிப்புகளில் ஏராளமானவை பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்ட் பைல்கள். பாமினி இல்லாத போனில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், ஆனால் உள்ளே தேடவும் முடியாது, நகல் எடுக்கவும் முடியாது. பார்வைக் குறைபாடுள்ள ஒரு மாணவர் போனின் வாசிப்பானைப் போட்டுக் காட்டினார். அது ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக உளறிக்கொண்டு போனது. அவர் இரண்டு வருடம் யாரிடமும் முறையிடாமல், நண்பர் ஒருவர் வாசித்துக் காட்டத்தான் படித்து வந்திருக்கிறார். பாமினியை, எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. அந்த விடுமுறையில் முதலாம் வருடக் குறிப்புகளை மட்டும் மாற்றி முடித்தோம். மாற்றிய பிறகு ஒருவர் இருந்து வாசித்துப் பார்க்கத்தான் வேண்டும், கருவியை மட்டும் நம்பக் கூடாது. மிச்சம் இன்னும் இருக்கிறது.

டேட்டா பற்றி. 2020 மார்ச்சில் கொரோனாவால் வளாகங்கள் மூடப்பட்ட பிறகு, லேர்ன் எனப்படும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாகப் பல்கலைக்கழகங்களின் எல்.எம்.எஸ்ஸைக் கட்டணமில்லாமல் பார்க்கும் வசதி வந்தது. பெரிய உதவி. ஆனால் தளம்தான் இலவசமே ஒழிய, அதில் நாம் தொங்கவிட்ட யூடியூப் இணைப்பும் கூகுள் டிரைவ் இணைப்பும் இலவசம் இல்லை. பிள்ளைகள் இலவசம் என்று நம்பி அழுத்தினார்கள், ரீலோட் போட்ட காசு போனது. அன்று முதல் வெளி இணைப்பு எதுவானாலும் பக்கத்தில் 'டேட்டா செலவாகும்' என்று எழுத வைத்தோம். அந்த வசதியின் காலம் போன பிறகும் அதை எடுக்கவில்லை, இப்போது அளவையும் சேர்த்துப் போடச் சொல்கிறோம். முகப்பில் ஓடிய கட்டடப் படங்களை நீக்கினோம். நாங்கள் பெரிதாக்க நினைத்த அதே பட்டைதான். ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் மாணவர் காசில் அந்தப் படங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. தலைப்பு எழுத்துகளின் மெல்லிய சாம்பல் நிறமும் போனது. பின்னணிக்கும் சாதாரண அளவு எழுத்துக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது உலகளாவிய இணைய அணுகல் நெறி. சிக்னலுக்காகக் குளக்கட்டில் வெயிலில் நின்று திரையைக் கையால் மறைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கும்.

பைல் அளவிலும் ஒரு பொறி இருந்தது. ஒப்படையில் 20 எம்பி என்று விரிவுரையாளர் போட்டிருப்பார், மாணவரின் பைல் போகாது. எல்லை ஒரு இடத்தில் இல்லை. சேர்வரில் மூடிலை ஓட்டும் பிஎச்பி என்ற நிரல்மொழியின் அமைப்பு, தளத்தின் எல்லை, பாடத்தின் எல்லை, ஒப்படையின் எல்லை என்று நான்கு இடம், இவற்றில் எது குறைவோ அதுதான் செல்லும். பிஎச்பியில் இயல்பாக இருப்பது வெறும் 2 எம்பி. போனில் கையெழுத்துத் தாளைப் படம் எடுத்தால் ஒரு பக்கமே அதைத் தாண்டிவிடும்.

நேரம். 'திங்கள் 12:00' என்றால் எந்த இரவு? ஞாயிறு முடிகிற நள்ளிரவா, திங்கள் முடிகிற நள்ளிரவா? அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் ஒரு விதமாகவும் மூன்று பேர் மற்ற விதமாகவும் சொன்னார்கள். இனி யாரும் 12:00 போடக் கூடாது என்று எழுதி அனுப்பினோம். மூடிலில் கடைசித் திகதி வேறு, வாசல் அடைபடும் திகதி வேறு. முதலாவதைத் தாண்டினால் தாமதம் என்று குறிக்கும், பைலை வாங்கிக்கொள்ளும். இரண்டாவதைத் தாண்டினால் வாங்காது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு வைத்திருந்தார்கள். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது, போனில் சார்ஜ் இல்லாமல் எத்தனை பேர் அந்த வாசலில் நின்றிருப்பார்கள். இப்போது இரண்டுக்கும் இடையில் மூன்று நாள் விடும்படி கேட்கிறோம். பலர் விடுகிறார்கள், சிலர் விடுவதில்லை.

என் தவறு இன்னொன்றையும் எழுத வேண்டும். மூடில் 4.0 பதிப்பு 2022 ஏப்ரலில் வந்தது. வழிசெலுத்தும் முறையையே அதில் மாற்றியிருந்தார்கள்: பக்கவாட்டில் பாட அட்டவணை, ஒப்படைப் பொத்தான்கள் மேலே. எங்களுக்குத் தேவையான மாற்றம்தான். நகல் தளத்தில் சோதித்து, காப்பு எடுத்து, பிறகுதான் ஏற்றினோம். ஆனால் ஏற்றிய கிழமை அரையாண்டுத் தேர்வுக்கு முந்திய கிழமை. படிக்கிற நேரத்தில் பிள்ளைகளுக்கு வீட்டுச் சாமான் எல்லாம் இடம் மாறிய மாதிரி ஆகிவிட்டது. நல்ல மாற்றமாக இருந்தாலும் தேர்வுக்கு முன் செய்யாதீர்கள். அரையாண்டின் முதல் நாளுக்குக் குறைந்தது இரண்டு கிழமை முன்னரே முடித்துவிட்டு, பழைய இடம், புதிய இடம் என்று ஒரே ஒரு படத்தை வட்ஸ்அப் குழுக்களில் போடுங்கள். நாற்பது பக்க வழிகாட்டியை யாரும் திறப்பதில்லை.

வட்ஸ்அப்பை நாங்கள் நெடுநாள் எதிரியாகத்தான் பார்த்தோம். எல்.எம்.எஸ்ஸில் போட்டதை ஏன் அங்கேயும் போட வேண்டும் என்று. இப்போது அப்படி இல்லை. குழுவில் ஓர் இணைப்பு வரும், அழுத்தினால் நேரே அந்த ஒப்படைக்கே போகும். முகப்பில் இருந்து தேடி வர வேண்டியதில்லை.

போன மாதம் அதே வாங்கில் புதிய முதலாம் வருட மாணவர் ஐந்து பேரோடு இருந்தோம். ஐந்து பேரும் தடையில்லாமல் அனுப்பினார்கள். 'உங்கள் ஒப்படை வந்து சேர்ந்தது' என்ற வரி, நேரத்தோடு, பச்சையில், திரையின் உச்சியில் வந்தது. ஐந்து பேருமே அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்கள். பொத்துவில் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியிடம் ஏன் என்று கேட்டேன். "சேர் கேட்டா காட்டத்தான் மிஸ்" என்றாள். பெறுகைச் செய்தி மின்னஞ்சலுக்கும் தானாகப் போகிறது என்றேன். மின்னஞ்சலை அவள் திறந்து பார்த்தே பல நாளாம்.

அதே செய்தியைப் போனுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப எவ்வளவு செலவாகும் என்று இப்போது கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.